தோமையார் மலை: எலும்பும் மண்ணும்

பெருங்களத்தூர்



பெருங்களத்தூரில் ஏறிச் சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் புறநகர் ரயில், தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் கடந்து, பழவந்தாங்கலுக்கு அடுத்ததாக நிற்கும் நிலையத்தை ஊரார் பரங்கிமலை என்பர். கிறிஸ்தவர்கள் அதைப் புனித தோமையார் மலை என்று வழங்குவர். ஏறத்தாழ முந்நூறு அடி உயரமுள்ள அந்தச் சிறு குன்றின் மேல்தான், இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான தோமையார் கி.பி. 72-இல் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்நீத்தார் என்பது நெடுங்கால மரபு. நம்பிக்கையின் பொருட்டுக் கொல்லப்பட்டவரைக் கிறிஸ்தவ வழக்கில் வேதசாட்சி அல்லது மறைசாட்சி என்பர். அவர் கி.பி. 52-இல் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியில் இறங்கினார் என்றும், சைதாப்பேட்டைக்கு அருகிலுள்ள சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார் என்றும், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் அதே மரபு சொல்கிறது.

இதைக் கேட்கும் மாணவர் எவரும் முதலில் எழுப்பும் வினா, அவர் உண்மையிலேயே இங்கு வந்தாரா என்பதே. நியாயமான வினாதான், எனினும் ஒருவரின் வாழ்க்கை வரலாறும், அவரை மக்கள் வணங்கி வந்த வரலாறும் தனித்தனியே சான்று தேட வேண்டியவை என்பதைத் தெளிந்துகொண்ட பிறகே அதற்கு விடை தேடுவது பயன் தரும். தோமையாரைப் பொறுத்தவரை முன்னதற்குச் சான்று மெலிந்தும், பின்னதற்குச் சான்று வியக்கத்தக்க அளவு செறிந்தும் கிடைக்கிறது.

விவிலியத்தில் அவரைப் பற்றிய செய்தி சிறிதே. யோவான் நற்செய்தி மட்டுமே அவரைப் பேசவைக்கிறது. இறந்தவர் உயிர்த்தார் என்பதைக் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று அவர் சொன்ன இடம் உலகறிந்தது. அதன்பின் அவர் எங்குச் சென்றார் என்பது பற்றி விவிலியம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் நூல், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ ஆகும். சிரியாக் என்பது அரமேயத்தின் ஒரு கிளைமொழி. அந்நூல் உருவான இடமாகக் கருதப்படும் எதெசா, இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ளது. திருத்தூதர்கள் சீட்டுக் குலுக்கி நாடுகளைப் பிரித்துக்கொண்டபோது இந்தியா தோமாவின் பங்கில் விழுந்தது என்றும், அவர் போக மறுக்கவே, ஹாபான் என்னும் வணிகனுக்குத் தச்சு வேலை தெரிந்த அடிமையாக விற்கப்பட்டார் என்றும், கொண்டோபரஸ் என்னும் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பொருளையெல்லாம் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, அரண்மனை விண்ணகத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று விடை சொன்னார் என்றும் அது சுவையாக விவரிக்கிறது. பேசும் கழுதையும் பேசும் பாம்பும் வரும் இந்நூலைத் திருச்சபை விவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆயினும் வெறும் கற்பனைப் பெயர் என்று ஒதுக்கத்தக்கதாயிருந்த அந்த அரசனின் நாணயங்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்தில் கிடைத்தன. தக்த்-இ-பாகியில் கிடைத்த கல்வெட்டொன்று அவன் முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டதைக் காட்டியது. கதை உண்மை என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் இந்தோ-பார்த்திய அரசனின் பெயர் அந்நூலாசிரியரின் கைக்கு எட்டும்படி ஏதோ ஒரு செய்தித்தடம் இருந்தது என்பது மட்டும் உறுதி. கொண்டோபரஸின் நாடோ வடமேற்கில் இருந்தது. தமிழகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மரணம் நிகழ்வது, அதே நூலில், மஸ்தாய் என்னும் வேறோர் அரசனின் நாட்டில். அரசியும் அரச சுற்றத்துப் பெண்ணொருத்தியும் தோமாவின் போதனையைக் கேட்டு இல்லறத்தை விலக்கவே, சினங்கொண்ட அரசன் ஆணையிட, ஊருக்கு வெளியே ஒரு குன்றில் வீரர்கள் அவரை ஈட்டியால் குத்துகின்றனர். உடல் பழைய அரசர்களின் கல்லறையில் வைக்கப்படுகிறது. பின்னர் அடியார் ஒருவர் எலும்புகளை எடுத்து மேற்கே கொண்டு போய்விடுகிறார். நெடுநாள் கழித்துத் தன் மகனின் நோய் தீர எலும்பொன்றைத் தேடிக் கல்லறையைத் திறக்கும் அரசன், எலும்பு இல்லாமையால் அங்கிருந்த மண்ணை எடுத்து மகன் மேல் பூச, நோய் நீங்குகிறது. இந்த மண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எலும்புகள் மேற்கே போன செய்தியை எதெசா நகரம் உறுதியாக ஏற்றது. கி.பி. 373-இல் மறைந்த சிரியாக் கவிஞர் எபிரேம், இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் அவற்றைக் கொண்டுவந்ததைப் பாடல்களில் குறிப்பிடுகிறார். 380-களில் எகேரியா என்னும் பெண் பயணி அந்நகரில் தோமையாரின் கோயிலைக் கண்டு எழுதியிருக்கிறார். இத்தகைய எச்சங்களைத் திருப்பண்டங்கள் என்பர். எதெசாவிலிருந்து கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்கும் அவை சென்றதாக மரபு. இன்றும் ஓர்த்தோனாப் பேராலயம் அவற்றைப் போற்றி வருகிறது.

எலும்பு போன இடத்துக்கு இத்தனை பதிவுகள் இருக்க, எலும்பு கிளம்பிய இடத்துக்கு என்ன பதிவு என்று கேட்க வேண்டும். கி.பி. 594-இல் மறைந்த தூர் நகர ஆயர் கிரகோரி, உடல் முதலில் கிடந்த இந்திய ஊரில் ஒரு மடமும் பெரிய கோயிலும் இருப்பதாகத் தம்மிடம் ஒரு பயணி சொன்னதாக எழுதினார், ஊர்ப்பெயர் தரவில்லை. சோழமண்டலக் கரை ஐயத்துக்கிடமின்றி வெளிச்சத்துக்கு வருவது 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். பிரான்சிஸ்கன் துறவி மோந்தே கொர்வீனோ யோவான், 1290-களின் தொடக்கத்தில் தம் தோழரைத் தோமையார் கோயிலில் அடக்கம் செய்ததாகப் பின்னாளில் கடிதம் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் இக்கரை வழியே சென்ற மார்க்கோ போலோ, வணிகர் அதிகம் வராத ஒரு சிற்றூரில் கல்லறை இருப்பதாகவும், கிறிஸ்தவரோடு முஸ்லிம்களும் அங்கு வழிபட வருவதாகவும் சொல்கிறார். அவர் கேட்ட கதையில் அரசனும் இல்லை, ஈட்டியும் இல்லை. மயிலுக்குக் குறிவைத்து ஒருவன் எய்த அம்பு, தவறுதலாகத் தோமையார் மேல் பாய்ந்தது. அவ்வாறாயின் அவரை வேதசாட்சி என்று அழைப்பதே பொருந்தாது! ஆனால் அங்கு வரும் அடியார்கள், அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று நீரில் கரைத்து முறைக்காய்ச்சல் கண்டவருக்குக் கொடுத்தனர் என்றும் போலோ எழுதுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிரியாக் நூல் சொன்ன மருந்து மண், மனிதர் மாறியும் கதை மாறியும், வழக்கமாக இங்கு நிலைத்திருந்தது. நூலைப் பார்த்து வழக்கம் பிறந்ததா, வழக்கத்தைக் கேட்டு நூல் எழுந்ததா என்பதை வரையறுக்க இயலாவிடினும், தோமையார் வழிபாட்டின் மையம் இந்த மண்ணே எனலாம்.

1517-இல் மயிலாப்பூருக்கு வந்த போர்த்துக்கீசியர், 1523-இல் கல்லறையைத் தோண்டினர். எலும்புகளும் ஓர் ஈட்டிமுனையும் மண் நிறைந்த ஒரு கலமும் கிடைத்ததாக அவர்தம் சாட்சியங்கள் கூறுகின்றன. எதெசாவுக்குச் சென்றுவிட்ட எலும்புகள் மீண்டும் மயிலாப்பூரில் கிடைத்ததை ஐயத்தோடு நோக்குவதே முறை. மண் கலமோ முந்தைய மரபோடு இயல்பாகப் பொருந்துகிறது.

இவற்றையெல்லாம்விட உறுதியான சான்றான ஒரு கற்சிலுவை 1547-இல் மலையுச்சியில் கோயிலுக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிப்பட்டது. சுற்றிலும் எழுத்து பொறித்த அந்தக் கற்சிலுவையை வாசிக்க எவராலும் இயலாதிருந்தபோது, அழைத்துவரப்பட்ட பண்டிதர் ஒருவர் தோமையாரின் வரலாறு முழுவதையும் அதில் ‘படித்துக்’ காட்டியதாகப் போர்த்துக்கீசிய ஆசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர். கேட்டவர் விரும்பியதைக் கல்லில் காணும் திறமைக்கு எக்காலத்திலும் பஞ்சமில்லை போலும். 1870-களில் ஏ. சி. பர்னெல் என்னும் அறிஞர் அந்த எழுத்தைப் பஹ்லவி என்று இனங்கண்டார். பஹ்லவி என்பது சாசானியர் காலப் பாரசீகத்தை எழுதிய எழுத்துமுறை. இறைவனின் இரக்கத்தை வேண்டும் ஒரு மன்றாட்டாக இன்றைய அறிஞர் பலர் அப்பொறிப்பைக் கொள்கின்றனர். சொற்களைப் படிப்பதில் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு என்றாலும், தோமையாரின் பெயர் அதில் இல்லை. ஏழு, எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது எனப் பொதுவாகக் கணிக்கப்படும் இதே வகைச் சிலுவைகள் கோட்டயம் முதலிய கேரள ஊர்களிலும் உள்ளன. கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லத்துத் தாரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் சாட்சிகள் சிலர் பஹ்லவியில் கையொப்பமிட்டுள்ளனர். பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவ வணிகர், போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இரு கரைகளிலும் வழிபட்டு வாழ்ந்தனர் என்பது இதனால் தெளிவு. மலைக் கிறிஸ்தவத்தை ஐரோப்பியர் கொண்டுவந்த பொருள் என்று எண்ணுவோர் இந்தக் கல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நூற்றாண்டில் வருகை நிகழ்ந்திருக்குமா என்ற வினாவுக்கு, நிகழ்ந்திருக்க வழி இருந்தது என்ற அளவில் விடை கூறலாம். பருவக்காற்றைப் பயன்படுத்திச் செங்கடலிலிருந்து முசிறிக்கு உரோமக் கப்பல்கள் வந்த காலம் அது. யவனப் பொருள்கள் அரிக்கமேட்டு மண்ணிலும் கிடைத்துள்ளன. வழி இருந்தது என்பதால் ஒருவர் அவ்வழியே வந்தார் என்று ஆகிவிடாது. மரபுக்கும் முதல் எழுத்துச் சான்றுக்கும் இடையே உள்ள தூரத்தை மறைப்பவர், அடியாராயினும் ஆய்வாளராயினும், தோமையாருக்கு நன்மை செய்பவர் அல்லர்.

1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் மலையின் கற்சிலுவை வியர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அது தொடர்ந்தது என்றும் கோயில் மரபு கூறுகிறது. பின்வந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மலைக்குப் படிகள் அமைத்ததோடு, யாத்திரிகர் அடையாற்றைக் கடக்க 1726-இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தையும் கட்டினார்; மறைமலை அடிகள் பாலம் இன்று அதே இடத்தில் நிற்கிறது. மயிலாப்பூர்க் கல்லறை மீது இப்போதுள்ள சாந்தோம் கோயில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1956-இல் திருத்தந்தையால் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டது.

திருவிழா நாளும் கவனிக்கத்தக்கது. உரோமைத் திருச்சபை டிசம்பர் 21-இல் கொண்டாடிவந்த தோமையார் விழாவை 1969-ஆம் ஆண்டு நாள்காட்டிச் சீர்திருத்தம் ஜூலை 3-க்கு மாற்றியது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் ‘துக்ரானா’ என்ற பெயரில் முன்பே போற்றிவந்த அந்நாள், பழைய சிரியாக் வழக்கில், திருப்பண்டங்கள் எதெசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டதன் நினைவுநாள். எலும்புகள் இந்தியாவை விட்டுப் போனதை நினைவுகூரும் அந்த நாளில்தான் இன்று சாந்தோம் கல்லறையிலும் அவருக்குத் திருவிழாத் திருப்பலி நடைபெறுகிறது.