பருக்குழியும் நூறு சதவீத ஆசிட்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பரு வந்து போய், குழி மட்டும் தங்கிவிடும் வயது அது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இத்தனை பேர் ஓரிடத்தில் இருந்தால் முகத்துக்கான யோசனைகளும் அறைக்கு அறை நகரும். அவற்றில் சில வெறும் காசு விரயம். சில முகத்தையே கெடுக்கும். ஆழமான குழிக்கு டாக்டர் வைக்கும் ஆசிட்டைப் பற்றி உலவும் பேச்சுகளில் இரண்டும் கலந்திருக்கின்றன.

“ஆசிட் வெச்சா முகம் வெந்துடும். அதுவும் நூறு பர்சென்ட்டா!”

பயம் நியாயமானது. ‘ஆசிட்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செய்தித்தாளில் படித்த கொடுமைகள்தான். பாத்திரம் கழுவுமிடத்திலிருந்து பெயின்ட் ஷாப் வரை ரசாயனத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு எச்சரிக்கைப் பலகையும் கையுறையும் பழக்கம். அவர்கள் தயங்கத்தான் செய்வார்கள்.

டாக்டர்கள் வைப்பது ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம், சுருக்கமாக டி.சி.ஏ. கடுமையான அரிப்புப் பொருள்தான், சந்தேகமில்லை. கண்ணில் ஒரு துளி பட்டாலும் ஆபத்து. ஆனால் இந்தச் சிகிச்சையில் அதை முகத்தில் பூசுவதில்லை. தோலை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப்பசை எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கூராகச் சீவிய மரக்குச்சியின் நுனியில் ஆசிட்டைத் தொட்டு, குழியின் அடித்தளத்தில் மட்டும் வைக்கிறார்கள். சில விநாடிகளில் அந்தப் புள்ளி வெளுக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டிப்படுவதுபோல் அங்கே தோலின் புரதம் உறைகிறது. சுற்றியிருக்கும் தோலும் முடிக்கால்களும் தப்பிவிடுவதால் புண் சீக்கிரம் ஆறுகிறது. கடுகளவு பக்குக் கட்டி ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். அதன் பிறகு சில வாரங்களில் அடியில் புதிய கொலாஜன் உருவாகி, குழி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது.

இந்த முறையை 2002இல் தென்கொரிய மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கிராஸ்’ என்கிறார்கள். 65 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 65 சதவீத டி.சி.ஏ., மீதிப் பேருக்கு 100 சதவீதம். நல்ல பலன் கண்டவர்கள் முதல் பிரிவில் 82 சதவீதம், இரண்டாவதில் 94 சதவீதம். கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை.

குழித்தழும்புக்கு ஆசிட் வைப்பது அதற்கு முன்பே உண்டு. நியூயார்க்கின் தோல் மருத்துவர் ஜார்ஜ் மக்கீ 1903 முதல் பீனாலைப் பயன்படுத்திவந்தார். அதை எழுதி வெளியிட்டதோ 1952இல். இவ்வளவு பொறுமை இன்றைய ரீல்ஸ் வைத்தியர்களுக்கு வராது. பீனால் ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும், தோலின் நிறத்தையும் நிரந்தரமாக வெளுக்க வைக்கும். அதனால் நம் நிறத்துக்கு அதைத் தவிர்ப்பார்கள். டி.சி.ஏ.வுக்கு அந்த இதயச் சிக்கல் கிடையாது.

“பர்சென்ட் கம்மின்னா பார்லர்லயே பண்ணிக்கலாம்”

எண்ணைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். நூறு சதவீத ஆசிட் குண்டூசி முனையளவு இடத்தில் நிற்கிறது. முப்பத்தைந்து சதவீத ஆசிட்டை முகம் முழுக்கப் பூசினால் அது மொத்த மேல்தோலையும் உரித்து, அதற்கும் கீழே இறங்கும். இரண்டில் கருமைக்கும் தழும்புக்கும் அதிக வாய்ப்புள்ளது பின்னதுதான். எத்தனை சதவீதம் என்பதைவிட எவ்வளவு பரப்பில், எத்தனை பூச்சு, யார் கையால் என்பவை முக்கியம். டி.சி.ஏ.வைத் தண்ணீர் விட்டுக் கழுவி ‘நிறுத்த’வும் முடியாது. புரதம் உறைந்தால் உறைந்ததுதான்.

ஆன்லைனில் தோலை உரிக்கும் ‘பீல்’ பாட்டில் வாங்கி விடுதி அறையில் தாங்களே போட்டுக்கொள்வது இதைவிட மோசம். இப்படி விற்கப்படும் டி.சி.ஏ., கிளைகாலிக், சாலிசிலிக் பீல்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2024 ஜூலையில் எச்சரித்தது. அதிகச் செறிவில் அவை ரசாயனத் தீப்புண்ணையே உண்டாக்கும்.

“குழின்னா குழிதான், எல்லாத்துக்கும் ஆசிட் வெச்சா போதும்”

இல்லை. கண்ணாடி முன் நின்று, குழி இருக்கும் இடத்தைச் சுற்றித் தோலை விரலால் இழுத்துப் பாருங்கள். பள்ளம் மறைந்தால் அது அலைபோல் படர்ந்த ‘ரோலிங்’ வகை. தோலுக்கு அடியில் நார்கள் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நார்களை ஊசியால் அறுத்துவிடும் ‘சப்சிஷன்’ போன்ற சிகிச்சைதான் அதற்குப் பொருந்தும். ஆசிட்டால் பெரிய பயனில்லை. இழுத்தும் மறையாமல், வாய் குறுகி, ஆணி அடித்த துளைபோல் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஆழமாக இறங்கியிருந்தால் அது ‘ஐஸ் பிக்’. கிராஸ் முறை நன்றாகப் பொருந்துவது இதற்குத்தான். ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருக்கும் ‘பாக்ஸ் கார்’ நடுவில் நிற்கும். சிறியவற்றுக்கு ஆசிட் உதவும், அகலமானவற்றுக்கு லேசரோ வேறு முறையோ பார்ப்பார்கள். பெரும்பாலான கன்னங்களில் மூன்றும் கலந்திருக்கும். ‘எல்லாத்துக்கும் ஒரே பேக்கேஜ்’ என்று கவுன்ட்டரிலேயே விலை சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். தோலை இழுத்துப் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.

“நம்ம கலருக்கு ஒத்துக்காது, கருத்துப் போயிடும்”

பாதி உண்மை. எந்தப் புண்ணுக்குப் பிறகும் மாநிறத் தோல் கருக்கும். கொசுக்கடிக்கே கருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கொரிய ஆய்வில் இருந்தவர்களும் நம்மைப் போல் எளிதில் கருக்கும் தோல்வகையினர்தான். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் மருத்துவர்கள் இந்தியர்களிடமே 100 சதவீத டி.சி.ஏ.வைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 30 பேர், இரண்டு வார இடைவெளியில் நான்கு அமர்வுகள். பெரும்பான்மையோருக்கு மிக நல்ல முன்னேற்றம். நிறமாற்றம் ஓரிருவருக்கு வந்து, பிறகு மறைந்தது.

கருமையைத் தடுக்கும் வேலை ஆசிட் வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. சில வாரங்கள் இரவில் பூச டாக்டர் ஒரு களிம்பு தருவார். பகலில் சன்ஸ்கிரீன். ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு வெயிலே இல்லை என்று நினைக்க வேண்டாம். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் போதும் பக்குப் புண்ணைக் கருக்க வைக்க. தூசற்ற அறையில் வேலை என்றால் முகத்தில் எதைப் பூசலாம் என்பதற்கு ஆலையில் விதி இருக்கலாம். சூப்பர்வைசரிடமோ ஆலையின் மருத்துவ மையமான ஓ.எச்.சி.யிலோ முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாரவிடுமுறைக்கு முந்தைய நாள் சிகிச்சைக்குப் போவது நல்லது. முதல் சில நாள் முகக்கவசமும் ஹெல்மெட் பட்டையும் பக்கை உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கைக் கிள்ளி எடுத்தால் கருமை உறுதி.

இந்தச் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. காது குத்திய இடத்தில் கெலாய்டு தடித்தவர்கள், கர்ப்பிணிகள், இன்னும் சீழ்ப்பரு வந்துகொண்டிருப்பவர்கள். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருமானால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே மாத்திரை தருவார்.

“பரு மாத்திரை சாப்பிட்டா ஆறு மாசம் முகத்துல கை வைக்கக் கூடாது”

ஐசோட்ரெடினோயின் பற்றிய இந்த விதி பல வருடம் மருத்துவர்களிடமே இருந்தது. 2017இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வல்லுநர் குழுக்கள் சான்றுகளைத் திரும்பப் பார்த்து, மேலோட்டமான பீல் போன்றவற்றுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்றன. முகம் முழுக்க ஆழமாக உரிக்கும் முறைகளுக்கு மட்டும் எச்சரிக்கை தொடர்கிறது. மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு டாக்டருடையது. இதே மாத்திரை விஷயத்தில் தளர்த்தக் கூடாதது ஒன்று உண்டு. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கரு உண்டாகக் கூடாது. குழந்தைக்கு ஊனம் வரலாம். கல்யாணம் நிச்சயமான பெண்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

“மெடிக்கல்ல ஒரு க்ரீம் இருக்கு, குழியே தூர்ந்துடும்”

க்ரீமால் கறை மங்கும். குழி ஏறாது. பள்ளம் இருப்பது தோலின் நடு அடுக்கில். பூச்சுகளில் ரெட்டினாய்டு மட்டும் பல மாதம் பூசினால் சிறிது உதவும். கடையில் கேட்டு வாங்கும் ‘சிகப்பாக்கும்’ கலவைக் க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, புதுப் பருவே கிளம்பும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்தவும் மனம் வராது. 2011இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முகத்தில் ஏதோ பிரச்சினை என்று 12 தோல்துறை மையங்களுக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். 2018இல் மத்திய அரசு இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டு கேட்காமலே எடுத்து நீட்டும் கடைகள் இன்றும் இருக்கின்றன.

வீட்டு முயற்சிகளும் அப்படித்தான். எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். ஊசிகள் பதித்த டெர்மா ரோலரைத் தோழியோடு பகிர்ந்துகொண்டால் அதில் ஒட்டிய ரத்தத்தோடு மஞ்சள் காமாலைக் கிருமியும் வரலாம்.

“பரு தானா போயிடும், குழிய அப்புறம் பாத்துக்கலாம்”

அப்புறம் பார்ப்பதுதான் செலவு. கிராஸ் என்றால் பொதுவாக மூன்று முதல் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் சில வாரம் இடைவெளி. முடிவிலும் குழி ஆழம் குறையுமே தவிர, பழைய தோல் அப்படியே திரும்பாது. பருவாக இருக்கும்போதே அடக்கிவிட்டால் இவ்வளவும் மிச்சம். அதற்குத் தனி கிளினிக்கும் வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்கள், அந்த அட்டை பருவுக்கும் செல்லும். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கும் போகலாம்.

மெஷின் ஷாப்பில் வேலை செய்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தொடையிலும் முன்கையிலும் கறுப்புப் புள்ளியும் கட்டியுமாக வந்தால் அது வயசுப் பரு ஆகாமலிருக்கலாம். கட்டிங் ஆயில் ஊறிய பேன்ட்டை ஷிஃப்ட் முழுக்கப் போட்டிருப்பதால் வரும் எண்ணெய்ப் பருவாக இருக்கலாம். துணியை மாற்றாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். டாக்டரிடம் போகும்போது டின்னில் ஒட்டியிருக்கும் எண்ணெயின் பெயரைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள்.