பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் ஜீவனாம்சமும்

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நம் ஒன்றியத்தைச் சேர்ந்த தாய் ஒருவரைக் காண நேர்ந்தது. மகளிர் குழுக் கூட்டங்களில் நாம் பலமுறை கண்டு பழகிய முகம். பஞ்சாலையில் வேலை பார்ப்பவர். கணவரிடமிருந்து பிரிந்து ஏழாண்டுகள் ஆகின்றன. பிரிந்த ஆண்டில் நீதிமன்றம் அவருடைய மகளுக்கு மாதம் ரூ. 1,500 என விதித்தது. அப்பொழுது அச்சிறுமி மூன்றாம் வகுப்பு; இப்பொழுது பத்தாம் வகுப்பு. தொகை மட்டும் அன்று நின்ற இடத்திலேயே நின்றது. "கூட்டித் தரும்படி ஏன் மனுச் செய்யவில்லை, அம்மிணி?" என்று வினவினோம். "ஏனுங்கய்யா, கோர்ட்டுல ஒருக்கா எழுதினா எழுதினதுதானுங்களே? மறுக்காப் போயிக் கேட்டா வர்றதும் நின்னு போயிருமோன்னு பயமுங்க" என்றார்.

அவர் எண்ணியது இரண்டு வகையிலும் தவறு. ஆனால் அத்தவற்றை அவர் ஒருவர் மட்டும் செய்யவில்லை. நம் கிராமங்களில் சாலை, குடிநீர், தொகுப்பு வீடு ஆகியவற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல எத்தனையோ பேர் உண்டு. பிரிந்த குடும்பத்துப் பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் சட்டம் செய்துள்ள ஏற்பாட்டை எடுத்துச் சொல்வார் இல்லை. நாமும் இதுகாறும் சொன்னோமில்லை.

ஜீவனாம்சச் சட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவே மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றாது விடுபவரிடமிருந்து மாதத் தொகை பெற வழி வகுத்தது. பின்னர் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 125-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தின்கீழ் பெற்ற உத்தரவுகள் இன்றும் செல்லும். ஒன்றை மட்டும் இங்குக் குறிப்பிட வேண்டும். மாதம் ரூ. 500-க்கு மேல் விதிக்கலாகாது என்றொரு வரம்பு 1955-இல் வைக்கப்பெற்று 2001 வரையில் நீடித்தது. அந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒரு படி அரிசி என்ன விலையிலிருந்து என்ன விலைக்குப் போயிற்று என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை நீக்கிற்று. இன்று உச்ச வரம்பு ஏதுமில்லை.

இச்சட்டம் எம்மதத்தார்க்கும் பொது. பெற்றோர் முறைப்படி மணந்தவராயினும் அல்லராயினும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

இனி, தொகை எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்று பார்ப்போம். பிள்ளையின் தேவை ஒரு தட்டு. தந்தையின் உண்மையான வசதி மறு தட்டு. தேவையை மெய்ப்பித்தல் எளிது. பள்ளிக் கட்டணம், பேருந்துச் செலவு, மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தாலே பெரும்பகுதி முடிந்தது. தந்தையின் வசதியை மெய்ப்பிப்பதுதான் கடினம். அரசு ஊழியருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. விசைத்தறியில் கூலிக்கு நெய்பவருக்கும், பனியன் கம்பெனியில் சனிக்கிழமை தோறும் பட்டுவாடா வாங்குபவருக்கும், நாலு ஏக்கர் தென்னந்தோப்பு உடையவருக்கும் ஏது சீட்டு? "எனக்கு வருமானமே இல்லை" என்று அவர் கூறினால் மறுப்பது எங்ஙனம்?

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே 2020 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஒரு நெறியை வகுத்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் சொத்து, வருமானம், கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இதில் நம் கிராமத்தார்க்கு முக்கியமான செய்தி, வேளாண் குடும்பத்தார்க்கெனத் தனிப் படிவம் ஒன்று உண்டு என்பதே. நிலத்தின் பரப்பு எவ்வளவு, நன்செயா புன்செயா, என்ன பயிர், கடந்த மூன்றாண்டுகளில் என்ன வருமானம், குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்த நிலம் உண்டா, மாடு, ஆடு, கோழி எத்தனை என்றெல்லாம் அது கேட்கிறது. பொய் கூறுபவர் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாக நேரும்.

எதிர்த்தரப்பார் எழுதுவது மெய்யா பொய்யா என்று காட்டத் தாயின் கையிலும் சான்று இருத்தல் நலம். பட்டாவும் சிட்டாவும் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன; எந்தப் பயிர் என்பதை அடங்கல் கூறும். பால் சங்கத்தில் ஊற்றிய பாலுக்குச் சங்கத்திலே கணக்கு இருக்கும். தறி ஓடவில்லை என்பவரின் மின் கட்டணக் கணக்கு, ஓடிற்றா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். இவற்றை அவர் கொணரும்படி உத்தரவிடுமாறு நீதிமன்றத்தை வேண்டலாம். சொத்தும் இல்லை, வேலையும் இல்லை என்பவருக்கும் விடுதலை இல்லை. உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

தாய் சம்பாதித்தால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது என்பது நம் பக்கத்தில் பரவலாக உள்ள மற்றொரு தப்பெண்ணம். தாயும் தந்தையும் வேலையில் இருந்த ஒரு வழக்கில், 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளை ஒன்றுக்கு மாதம் ரூ. 3,000 வேண்டும் என முடிவு செய்து, தந்தை இரு பங்கும் தாய் ஒரு பங்கும் ஏற்கும்படி பிரித்தது. தந்தையின் சம்பளம் தாயினுடையதைப் போல் இரு மடங்காக இருந்ததே காரணம். ஆகவே பஞ்சாலைக் கூலி வாங்கும் தாய் அதை மறைக்க வேண்டியதில்லை. மறைப்பது வழக்கையே கெடுக்கும்.

இப்பொழுது அத்தாயின் கேள்விக்கு வருவோம். ஒருமுறை எழுதியது எழுதியதுதானா? அன்று. சூழ்நிலை மாறிற்று என்று மெய்ப்பித்தால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் 146-ஆம் பிரிவு இடந்தருகிறது. பிள்ளை வளர்ந்து மேல் வகுப்புக்குச் சென்றதும், விலைவாசி ஏறியதும், தந்தையின் வருமானம் பெருகியதும் மாற்றங்களே. கேட்டதனாலேயே பழைய உத்தரவு அற்றுப் போகாது. புதிய உத்தரவு பிறக்கும்வரை பழையது நடப்பில் இருக்கும். ஆனால் தொகை தானாக உயராது. ஆண்டுதோறும் இவ்வளவு கூட்ட வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தாலொழிய, கேட்டால்தான் உண்டு.

தந்தையருக்கும் இதே வாயில் திறந்திருக்கிறது என்பதை மறைத்தல் நியாயமாகாது. பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயில் தென்னைகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் கை இழந்த தறித் தொழிலாளரும் இருக்கலாம். அவர்கள் குறைக்கக் கோரி மனுச் செய்யலாம். செய்யத் தகாதது, மனுச் செய்யாமல் தாமாகவே பணத்தை நிறுத்திக் கொள்வது. பாக்கி ஏறிக்கொண்டே போகும். பாக்கி நின்ற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பாக்கி விஷயத்தில் தாய்மார் பலர் ஏமாறுவது காலத்தினால். தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுக் கொடுத்தால்தான் அதை வசூலிக்க வாரண்டு பிறக்கும். "இன்றைக்குத் தருவார், நாளைக்குத் தருவார்" என்று மூன்றாண்டு பொறுத்திருந்த ஒருவர், முதல் இரண்டாண்டுத் தொகையை இவ்வழியில் வாங்க இயலாது நின்றதை நாம் அறிவோம். பொறுமை அவருக்கு மிகுந்த விலையாயிற்று. கணவர் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. உத்தரவின் நகல் கட்டணமின்றிக் கிடைக்கும். அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்டிரேட்டே அதை நிறைவேற்றலாம்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் எழுதி, ஒரே தடவையாக ஒரு தொகையைக் கொடுத்து, "இனி ஒரு பாத்தியமும் இல்லை" என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அத்தாள் பிள்ளையைக் கட்டாது. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் மனைவி ரூ. 8,000 பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக் கொடுத்திருந்தார். அதுவும் நீதிமன்றத்திலேயே செய்துகொண்ட சமரசம். அப்படியிருந்தும் அவர் பின்னர் 1956-ஆம் ஆண்டு இந்துத் தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் உரிமை கோருவதை அது தடுக்காது என 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கே அவ்வாறெனில், தன் பிள்ளையின் பங்கைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியுமா?

மகன் பதினெட்டு நிரம்பியதும், உடல் அல்லது மனக் குறையால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனாக இருந்தாலன்றி, 144-ஆம் பிரிவின் பாதுகாப்பு நின்றுவிடும். மகளுக்கும் அப்பிரிவில் அதே எல்லைதான். ஆனால் மணமாகாத இந்து மகள், தன் சொந்த வருவாயில் வாழ இயலாத வரையில், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ்த் தந்தையிடம் கோரலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. கல்லூரிக்குப் போகவிருக்கும் பெண்கள் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

குடும்ப நீதிமன்றம் உள்ள எல்லையில் அங்கும், இல்லாத இடத்தில் முதல் வகுப்பு மாஜிஸ்டிரேட்டிடமும் மனுச் செய்யலாம். மனைவி வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்; கணவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. முதன்முறை மனுச் செய்பவர் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அதைக் கூடியவரை நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்குவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எதுவாயினும், வக்கீல் இலவசம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

நாம் கண்ட தாய் அடுத்த வாரமே ஆணைக்குழுவுக்குச் சென்றார். மகளின் பள்ளி ரசீதுகளையும், கணவரின் தறிக்கூடத்து மின் இணைப்பு எண்ணையும் எழுதி எடுத்துப் போனார். தொகையைக் கூட்டக் கோரும் மனு தாக்கலாகியிருக்கிறது. கணவர் தரப்புப் பிரமாணப் பத்திரம் இன்னும் வரவில்லை. அதுவரை பழைய ரூ. 1,500 மாதந்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது.