சொசைட்டியில் சேரும் முன் துணைவிதியைப் படியுங்கள்

அடையாறு பணிமனையில் பேருந்து ஓட்டுபவரானாலும் மயிலாப்பூர் பள்ளியில் ஆசிரியரானாலும், நிரந்தர வேலை கிடைத்ததும் சக ஊழியர்கள் கேட்பது: "சொசைட்டியில சேர்ந்தாச்சா?" பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். சேருங்கள். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சங்கத்தின் துணைவிதியை வாங்கிப் படியுங்கள்.

என்ன கிடைக்கும்?

பங்குத்தொகை கட்டி உறுப்பினராகிறீர்கள். மாதாமாதம் சிக்கன சேமிப்பு சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும். கைக்கு வராத பணம் செலவாவதில்லை. அவசரத்துக்குக் கடன் கிடைக்கும். லாபம் வந்தால் பங்குக்கு டிவிடெண்டும் உண்டு. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் சங்கங்களும் இருக்கின்றன. வாரிசு நியமனத்தைச் சேரும் அன்றே எழுதிக் கொடுங்கள்; திருமணமானதும் மறக்காமல் மாற்றுங்கள்.

கடனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு, 3 லட்சம் ரூபாயை 5 ஆண்டுத் தவணையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறையும் நிலுவைக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 6,374 ரூபாய். வெளியே 15 சதவீதத்தில் வாங்கினால் 7,137 ரூபாய். முடியும்போது வித்தியாசம் 45,000 ரூபாய்க்கு மேல். ஆகவே வட்டி விகிதத்தோடு, அது குறையும் நிலுவைக்கா, முழு அசலுக்கா என்றும் கேளுங்கள். எல்லாப் பிடித்தமும் போக வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மிஞ்சுமா என்று பே ஸ்லிப்பை வைத்துப் பாருங்கள். ஓய்வுக்குள் அடைபடாத கடன், ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்கும்.

ஜாமீன் கையெழுத்து

பெரும்பாலான சங்கங்களில் கடனுக்குச் சக ஊழியர் ஜாமீன் வேண்டும். நண்பர் கட்டாவிட்டால் பிடித்தம் உங்கள் சம்பளத்தில் விழும். அந்தத் தொகையை உங்கள் கடனாகவே நினைத்து, தாங்க முடியுமென்றால் மட்டும் போடுங்கள்.

காப்பீடு உண்டா?

வங்கி வைப்புகளுக்கும், கூட்டுறவு வங்கி வைப்புகளுக்கும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. பணியாளர் சங்கங்களுக்கு அது இல்லை. 'நிதி' நிறுவனங்களுக்கும் இல்லை. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் அத்தகைய ஒரு நிதி நிறுவனம். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவது, கூட்டுறவுச் சங்கமல்ல. போட்ட பணம் திரும்பவில்லை என்று 2024இல் அதன் வைப்பாளர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தார்கள். நூற்றாண்டு கடந்த பெயர் காப்பீட்டுக்கு ஈடாகாது. சொசைட்டியில் மாதச் சேமிப்பு இருக்கட்டும். ஓய்வுக்காலப் பணம் மொத்தத்தையும் எந்த ஒரே இடத்திலும் போடாதீர்கள்.

வாடிக்கையாளர் அல்ல, உரிமையாளர்

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை. எனவே பேரவைக் கூட்டத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்கு முடிந்தது? வாராக்கடன் எவ்வளவு? விலகினால் பங்கும் சேமிப்பும் எத்தனை நாளில் கைக்கு வரும்? பதில் கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளருக்கு மனு கொடுக்கலாம்.