கேமரா நம் வீட்டில், சாவி யார் கையில்?



நம் மண்டபம் பக்கம் இப்போது பல வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருப்பார், அல்லது வெளிநாட்டில் வேலையில் இருப்பார். நாம் பாசி வேலைக்கோ கருவாட்டு வேலைக்கோ விடிகாலையில் கிளம்பிவிடுவோம். பூட்டிய வீடு, காயப்போட்ட கருவாடு, வலை, இன்ஜின் எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது நல்ல வசதிதான்.

ஆனால் சென்ற கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சொன்னது நம்மை யோசிக்க வைத்தது. "மாட்ட வந்த தம்பி அவரு போன்லயே எல்லாத்தையும் போட்டுட்டு, எனக்கும் தெரியற மாதிரி பண்ணிக் கொடுத்தாரு. பாஸ்வேர்டு என்னன்னு எனக்குத் தெரியாது" என்றார். இன்னும் சிலரும் "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார்கள். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

நம் குழுவில் பணப்பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் இருக்கும். முகம் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்போமா? கேமராவுக்குச் சாவி அதன் கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்டு. அது யாரிடம் இருக்கிறதோ அவர் எந்த ஊரில் இருந்தாலும் நம் வீட்டைப் பார்க்கலாம்.

நடந்த இரண்டு சம்பவங்கள்

2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் படங்கள் வெளியே வந்தன. பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்களை இணையத்தில் போட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். போலீசார் பலரைக் கைது செய்தனர். மாற்றாமல் விட்ட எளிய கடவுச்சொல்தான் வழி திறந்துவிட்டது என்று செய்திகள் வந்தன. அந்தப் பெண்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. ஆனால் அவமானம் அவர்கள் தலையில் விழுந்தது.

2016-ல் 'மிராய்' என்ற கெட்ட நிரல் ஒன்று உலகம் முழுவதும் பரவியது. கம்பெனியில் போட்டு அனுப்பும் 'அட்மின்', '12345' போன்ற சுமார் 60 கடவுச்சொற்களின் பட்டியல்தான் அதன் ஆயுதம். அவற்றை மாற்றாத கேமராக்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அப்படிப் பிடித்த கருவிகளை வைத்தே அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். நம் பெயர், நம் ஊர் தெரிந்து யாரும் வர வேண்டியதில்லை. திறந்த வாசலைத் தேடி இயந்திரமே சுற்றுகிறது.

தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது?

கேமரா பிடிக்கும் படம் வீட்டு வைஃபை வழியாக வெளியே போகிறது. பெரும்பாலும் கேமரா கம்பெனியின் கணினி நடுவில் இருந்து நம் செல்போன் ஆப்புடன் இணைத்துவிடும். இது ஒரு வழி.

இன்னொரு வழி, வைஃபை பெட்டியிலேயே வெளியுலகுக்கு ஒரு நேர் வாசல் திறந்து வைப்பது. இதற்கு 'போர்ட் ஃபார்வார்டிங்' என்று பெயர். அந்த வாசல் நமக்கு மட்டும் அல்ல, தேடி வரும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு இது வேண்டாம். மாட்ட வருபவரிடம் "போர்ட் எதுவும் திறக்காதீங்க, ஆப் வழியாவே பண்ணிக் கொடுங்க" என்று சொல்லுங்கள். 'யு.பி.என்.பி.' என்ற வசதி இதே வாசலைத் தானாகத் திறந்துவிடும். அதையும் அணைக்கச் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆப்பில் கணக்கு நம் செல் நம்பரில் இருக்க வேண்டும். பல கேமராக்கள் முதலில் சேர்த்தவரின் கணக்கோடு கட்டுப்பட்டுவிடும். வேறொருவர் கணக்கில் இருந்தால், அவரை நீக்கச் சொல்லி, நம் கணக்கில் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

2. பழைய கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். பிள்ளை பெயர், பிறந்த தேதி, படகு எண் வேண்டாம். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து, நடுவில் எண்கள் போடுங்கள். வைஃபை பெட்டிக்கும் இதேபோல் வேறொன்று வையுங்கள்.

3. 'இரண்டடுக்குச் சரிபார்ப்பு' இருந்தால் போட்டுவிடுங்கள். புதிய போனில் யாராவது நுழைந்தால் நமக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

4. வெளிநாட்டில் இருக்கும் கணவரோ மகனோ பார்க்க வேண்டுமா? கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ஆப்பில் உள்ள 'ஷேர்' மூலம் அனுமதி கொடுங்கள். வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

5. ஆப் 'அப்டேட்' கேட்டால் செய்யுங்கள். கேமராவுக்கும் தனியாக அப்டேட் உண்டு. கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது அதுதான்.

6. போன் தொலைந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கேமராவை ரிப்பேருக்குக் கொடுத்தால் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

7. பில் இல்லாத மலிவுக் கேமரா வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து கேமராக்களுக்கு மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி இருக்கிறது. சான்று உண்டா என்று கடையில் கேளுங்கள்.

எங்கே மாட்டுவது?

இதுதான் முக்கியம். வாசல், முற்றம், கருவாடு காயும் இடம் போதும். படுக்கும் இடம், குளிக்கும் இடம், உடை மாற்றும் இடம் வேண்டவே வேண்டாம். அடுத்த வீட்டு வாசலையும் படம் பிடிக்கக்கூடாது. கேமரா திருடனுக்காக, நம்மைக் கண்காணிக்க அல்ல. எங்கே மாட்டுவது, யார் பார்ப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி, நம் சம்மதத்தோடு முடிவு செய்ய வேண்டும்.

தவறு நடந்துவிட்டால்

பயந்து மறைக்காதீர்கள். படத்தை அழிக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181-லும் சொல்லலாம். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதி இல்லாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயங்கினால் குழுவில் சொல்லுங்கள். நாம் கூட வருவோம்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

- நம் வீட்டுக் கேமரா யார் கணக்கில் இருக்கிறது?
- கடவுச்சொல்லை கடைசியாக எப்போது மாற்றினோம்?
- இப்போது யார் யாருக்குப் பார்க்க அனுமதி இருக்கிறது?

கேமரா உள்ள உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போனோடு வாருங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுங்கள். ஆனால் கடவுச்சொல்லைத் தட்டும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தோழிக்கும் அது பொருந்தும்!