சிடிக்குள் ஒரு சாயம்

வீட்டில் பழைய சிடி-ஆர் இருந்தால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீலமாகவோ வெளிர் பச்சையாகவோ தெரியும். அழகுக்காகப் பூசியது அல்ல அது. அந்தச் சாயத்தில்தான் உங்கள் போட்டோக்கள் பதிவாகி இருக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியையே நன்றாகக் காணும். சிடி டிரைவின் லேசர் 780 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. தெரியவில்லையே என்று திறந்த டிரைவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு ஆபத்து.

தெரியாத ஒளியைச் சாயம் எப்படி உறிஞ்சுகிறது? சாய மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். இந்தத் தொடர் நீள நீள, எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவக் குறைந்த ஆற்றலே போதும். அலைநீளம் கூடிய ஒளிக்கு ஆற்றல் குறைவு. எனவே நீண்ட தொடர் கொண்ட சயனின் போன்ற சாயங்கள் சிவப்பையும், அதைத் தாண்டியும் உறிஞ்சும். சிவப்பை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது நீலமும் பச்சையும்தானே!

எழுதும்போது லேசர் பலமாக இருக்கும். சாயம் சூடாகிச் சிதையும். அந்தப் புள்ளியில் ஒளி குறைவாகத் திரும்பும். படிக்கும்போது லேசர் மெலிதாக இருப்பதால் சாயம் மாறாது. கடையில் விற்ற பாட்டு சிடிக்களில் இந்தச் சாயம் இல்லை. அவை அச்சில் வார்த்தவை.

சாயத்துக்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிர்கள் அதன் பிணைப்புகளை உடைக்கும். ஏற்காட்டு நண்பர்கள், "இங்கேதான் குளிராச்சே, சிடி கெடாது" என்று என்னிடம் சொல்வதுண்டு. சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். கீழே சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். காற்று குளிர்ந்தாலும் வெயில் கடுமைதான். மூடுபனியின் ஈரமும் சிடிக்கு நல்லதல்ல.

நான் சொல்லும் யோசனை இதுதான்:

1. சிடிக்களை ஜன்னல் ஓரத்திலும் காரிலும் வைக்காதீர்கள். உறையில் போட்டு, இருட்டான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.

2. புதிய லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால், யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவை வாங்கலாம். நண்பரிடம் இரவலும் கேட்கலாம்.

3. எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து, இன்னொரு காப்பியை வேறு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு படமும் திறக்கிறதா என்று பாருங்கள்.

சாயம் வெளுத்துவிட்டால் படத்தை மீட்பது கடினம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.