தோல்வினையும் அடிப்பலகையும்

நுழையும்முன்

காலணி, இடைவார், பை, தோற்பாவை எனத் தோல் நம் வாழ்வில் பல வடிவங்களில் புழங்குகிறது. இவற்றைச் செய்வோரின் கத்தியையும் உளியையும் நாம் வியந்து நோக்குகிறோம். அவற்றின் அடியில் கிடக்கும் பலகையை எவரும் நோக்குவதில்லை. தோலைக் கடந்து வரும் கூர்முனை சென்று தொடுவதோ அந்தப் பலகையைத்தான். வெட்டின் நேர்த்தியும் கருவியின் ஆயுளும் தொழிலாளியின் விரலும் அதை நம்பியே உள்ளன. அப்பலகையைத் தேர்வதும் பேணுவதும் பற்றியது இப்பாடம்.

திருத்த இயலாத பொருள்

மரத்தில் துளை பிசகினால் ஆப்பு வைத்து அடைக்கலாம். துணி கிழிந்தால் இழையோட்டித் தைக்கலாம். தோலில் விழுந்த துளையை மூடுவதற்கு வழியில்லை. மேலும், ஒரு தோலைப்போல் மற்றொரு தோல் இருப்பதில்லை. முதுகுப்பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப்பகுதி தளர்ந்தும் இருக்கும். முள் கிழித்த தழும்பும் உண்ணி கடித்த வடுவும் ஆங்காங்கே தென்படும். அவற்றை விலக்கி, நல்ல பகுதியைத் தேர்ந்து, அதில் கத்தியை வைக்கும்போது பலகை ஆடினால் அந்தத் துண்டு வீணாகும். நாளொன்றுக்குச் சில இணைக் காலணிகளே தைக்கும் தொழிலாளிக்கு ஒரு துண்டின் இழப்பு சிறியதன்று.

வெட்டும் தளம்

புதிதாகத் தோல்வேலை பழகுவோர் பலர் வீட்டுத் தரையிலேயே தோலை விரித்து வெட்டத் தொடங்குகின்றனர். சமமாகவும் உறுதியாகவும் இருப்பதால் தரை ஏற்றதுபோலத் தோன்றும். ஆனால், கருங்கல்லில் உள்ள குவார்ட்சு என்னும் கனிமம் மோஸ் கடின அளவுகோலில் 7 என்னும் இடத்தில் இருப்பது. சாதாரணக் கத்தியின் எஃகு அதற்குக் கீழேதான் நிற்கும். தோலைக் கடந்த கத்தி கல்லைத் தொட்ட அக்கணமே அதன் விளிம்பு மடங்குகிறது. மழுங்கிய கத்தியை மேலும் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தம் மிகுந்த கத்தி வழுக்கும்போது செல்லும் இடம், தோலைப் பிடித்திருக்கும் இடக்கை. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியே கையை மிகுதியாக வெட்டுகிறது என்பதைத் தோல்வினைஞர் எவரும் மறுக்கமாட்டார்.

ஆகவே, வெட்டும் தளம் கத்தியைவிட மென்மையாக இருத்தல் வேண்டும். அப்படியானால் எந்த மரப்பலகையும் போதுமா? போதாது. நீளவாக்கில் அறுத்த பலகையில் நார்கள் படுத்துக் கிடக்கின்றன. கத்தி அவற்றை அறுத்துப் பள்ளம் செய்கிறது. அடுத்த முறை அப்பள்ளமே கத்தியைத் தன்வழி இழுக்கிறது. வளைவாக வெட்ட நினைத்த கோடு நாரின் போக்கில் ஓடிவிடும்.

இறைச்சிக் கடைகளில் உள்ள புளியமரக் கட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அடிமரத்தைக் குறுக்கே துண்டித்து நிறுத்தியது. அதன் மேற்பரப்பில் இருப்பவை நார்களின் நுனிகள். கத்தி இறங்கும்போது நார்கள் விலகி இடம் தருகின்றன. கத்தி எழுந்ததும் பெரும்பாலும் மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன. ஒரு தூரிகையின் மயிர்களுக்கிடையே விரல்நகத்தைச் செலுத்தி எடுப்பதைப் போன்றது இது. கூர் கெடுவதில்லை, தளத்தில் வடுவும் எளிதில் படிவதில்லை. தோலை வெட்டுவதற்கும் இத்தகைய குறுக்குவெட்டுக் கட்டையே சிறந்தது என்பேன். இக்காலத்தில் பி.வி.சி. அடுக்குகளால் ஆன வெட்டுவிரிப்புகள் கிடைக்கின்றன. மெல்லிய தோலைக் கத்தியால் கீறி வெட்ட அவை நன்கு உதவும். அவற்றின்மீது உளி வைத்து அடித்தால் குழி விழுந்து பாழாகும்.

துளையிடும் தளம்

துளையிடுதல் வேறு வகை வேலை. இங்கே கொட்டாப்புளியின் அடி துளையுளி வழியே தோலுக்குள் இறங்க வேண்டும். அடியில் தடித்த ரப்பர் இருந்தால் அது அடியின் விசையை விழுங்கிவிடும். துளை முழுமையாக அறுபடாமல் நார் தொங்கும். மேசையின் நடுவில் வைத்து அடித்தாலும் இதே குறை நேரும். மேசைப்பலகை அதிர்ந்து விசையை வாங்கிக்கொள்கிறது. மேசையின் கால் நிற்கும் இடத்திற்கு நேர்மேலே வைத்து அடித்தால், அதே உளி ஓரடியில் துளையிடுவதைக் காணலாம். கனத்த கருங்கல்லைக் கீழேயும், விரலளவுக்கும் குறைந்த தடிமன் உள்ள பிளாஸ்டிக் பலகையை அதன் மேலேயும் வைப்பது நல்ல முறை. கல் அடியைத் தாங்கும். பலகை உளியின் கூரைக் காக்கும். துளையுளிக்கு அடியில் ஈயக்கட்டி வைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஈயத்தூள் நஞ்சு என்பதால் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

தோற்பாவைக் கூத்தில் இதன் அருமை விளங்கும். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் சிறுசிறு துளைகளிட்டே பாவையின் மணிமுடியையும் அணிகலன்களையும் ஆடைக்கரையையும் காட்டுகின்றனர். திரைக்குப் பின்னுள்ள விளக்கொளி அத்துளைகளின் வழியே புள்ளிபுள்ளியாகச் சுடரும். அடிப்பலகையில் பழைய குழி இருந்து, அதன்மேல் புதிய துளை விழுந்தால், தோல் குழிக்குள் அமுங்கும். துளையின் மறுபுறம் பிசிறு நிற்கும். அப்பிசிறு ஒளியை மறைப்பதால், மணியாகச் சுடர வேண்டிய புள்ளி மங்கித் தெரியும். ஒரு பாவையில் துளைகள் மிகப் பல. ஒவ்வொரு முறையும் பலகையைச் சற்றே நகர்த்தி வைப்பது கைப்பழக்கமாக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆவாரம்பட்டை போன்ற தாவரப்பட்டைகளால் பதனிட்ட தோலில் டானின் என்னும் பொருள் உண்டு. ஈரமான நிலையில் அது இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை படியும். எனவே, கருவி தீட்டிய இரும்புத்தூள் அடிப்பலகையில் தங்கவிடலாகாது.

கண்ணாடிக்கும் இடமுண்டு

வெட்டுவதற்கு ஆகாத கண்ணாடியும் மெருகிட்ட கல்லும் வேறொரு வேலைக்கு ஏற்றவை. இரு தோல்களை இணைத்துத் தைக்குமுன் ஓரங்களைச் செதுக்கி மெலிதாக்குவர். அப்போது கத்தி ஏறத்தாழப் படுத்த நிலையில் தளத்திற்கு இணையாகச் செல்கிறது. கூர் தளத்தின்மீது மோதுவதில்லை. தளத்தில் சிறு மேடு இருந்தாலும் அவ்விடத்தில் தோல் ஓட்டையாகிவிடும். ஆகவே, இங்கு வழவழப்பே முதன்மை. கண்ணாடியின் விளிம்புகளைத் தேய்த்து மழுக்கிய பின்னரே பயன்படுத்துதல் நன்று.

ஆலையிலும் அதே சிக்கல்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் இயங்கும் காலணி ஆலைகளில் தோலை எந்திர அழுத்தத்தால் வெட்டுகின்றனர். காலணிப் பகுதியின் வடிவில் வளைத்த எஃகு விளிம்பை ‘டை’ என்பர். எந்திரம் அழுத்தும்போது டை தோலைக் கடந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக் பலகையில் மிகச் சிறிதளவே பதிய வேண்டும். பலகையின் நடுவிலேயே நாள்தோறும் வெட்டினால் அங்குப் பள்ளம் விழும். பிறகு டையின் ஒருபுறம் வெட்டும், மறுபுறம் வெட்டாது. அழுத்தத்தைக் கூட்டுவதால் இதற்குத் தீர்வு கிட்டாது. டையின் விளிம்பே கெடும். பலகையைத் திருப்பியும் புரட்டியும் பயன்படுத்தி, தேய்ந்த பின் இழைத்துச் சமன்செய்தல் வேண்டும்.

பேணும் முறை

பலகை சமமாக உள்ளதா என்பதை அறிய எஃகு அளவுகோல் ஒன்று போதும். அதன் விளிம்பைப் பலகைமேல் நிறுத்தி, ஒளியை நோக்கிப் பார்த்தால், பள்ளம் உள்ள இடத்தில் கீற்றாக வெளிச்சம் தெரியும். மரக்கட்டையை இழைப்புளியால் சமன்செய்க. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழைத்தால் விளிம்பு சிதறாது. உப்புத்தாளால் தேய்க்கலாமே என்று தோன்றும். ஆனால், அதிலிருந்து உதிரும் மணிகள் நார்நுனிகளுக்கிடையே புதைந்துகொண்டு, பின்னர்க் கத்தியின் கூரைத் தின்னும்.

குறுக்குவெட்டுக் கட்டை தன் ஈரத்தை விரைவில் இழந்து வெடிக்கக்கூடியது. வெயிலில் போடாமல் நிழலில் வைத்தல் வேண்டும். எண்ணெய் பூசினால் கறை தோலில் ஏறும். பக்கங்களில் மட்டும் தேன்மெழுகு தேய்த்தால் போதும். அடியில் ஒரு சாக்குத்துணியை இட்டால் கட்டை நகராது. பி.வி.சி. விரிப்புக்கு வெப்பமே பகை. சூடான தேநீர்க் குவளையை வைத்த இடமும் நெளிந்துவிடும். அதனைச் சுருட்டாமல் படுக்கையாக வைத்து, இளஞ்சூட்டு நீரும் மென்சோப்பும் கொண்டு துடைக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காலணி தைப்பவர், தச்சர், இறைச்சிக் கடைக்காரர் ஆகிய மூவர் பயன்படுத்தும் அடித்தளங்களைப் பார்த்து, அவை எப்பொருளால் ஆனவை, ஏன் அப்பொருள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுக.

2. ஒரே அட்டையை மேசையின் நடுவிலும் மேசைக்காலின் நேர்மேலும் வைத்துத் துளையிட்டு, துளைகளின் மறுபுறத்தை ஒப்பிட்டு வகுப்பில் விளக்குக.