பாய்க்கு முன் தரையைப் பாருங்கள்

வடக்கனந்தலில் காலை ஐந்தரைக்கு நான் நடத்தும் யோகா வகுப்புக்கு, போன சித்திரையில் ஓர் அக்கா புதுப் பாயோடு வந்தார். அறுபதைத் தொட்டவர். பாய் சுண்டுவிரல் பருமன் இருந்தது. மிதித்தால் மெத்தைபோல் உள்வாங்கியது. “தடிமனா இருந்தா முட்டிக்கு நல்லதுன்னு கடையில சொன்னாங்க சார்” என்றார்.

விருட்சாசனத்துக்கு ஒரு காலைத் தூக்கியதும் ஊன்றிய காலின் கணுக்கால் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெறும் சிமெண்ட் தரையில் நிற்கச் சொன்னேன். அதே கால், அதே ஆசனம். பத்து மூச்சு வரை நின்றார்.

‘தடித்த பாய்தான் மூட்டைக் காக்கும்’ என்பது யோகா மேட் வாங்குகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் நம்பிக்கை. அதிகம் கெடுதல் செய்வதும் அதுதான். நாம் விழாமல் நிற்பதற்கு உள்ளங்கால் தரையை உணர்வது முக்கியம். கீழே இருப்பது பஞ்சுபோல் அமுங்கினால் அந்த உணர்வு மங்கிவிடும். கணுக்கால் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் ஒருவருடைய சமநிலையைச் சோதிக்க அவரை நுரைப்பஞ்சின் மேல் நிற்க வைப்பதே இதனால்தான். கையை ஊன்றும்போதும் இதே கதை. உள்ளங்கையின் அடிப்பகுதி பாயில் புதையப் புதைய மணிக்கட்டு கூடுதலாக மடங்கி வலிக்கும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு நாலு முதல் ஆறு மில்லிமீட்டர் போதும். முட்டி ஊன்றும்போது மட்டும் ஒரு துண்டை நாலாக மடித்து அடியில் வையுங்கள். பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் பாய்கள் பெரும்பாலும் என்பிஆர் என்ற செயற்கை ரப்பர் நுரை. படுத்துச் செய்யும் பயிற்சிக்கு அவை சுகமானவை, அவ்வளவுதான்.

அடுத்தது, ஊரில் பெரியவர்கள் சொல்வது: ‘வெறுந்தரையில் உட்கார்ந்தால் உடம்பில் ஏறிய சக்தி பூமிக்கு இறங்கிவிடும், அதனால்தான் அந்தக் காலத்தில் தர்ப்பையும் மான்தோலும் போட்டார்கள்.’ தியானத்துக்கு உட்காரும் இடத்தைப் பற்றி பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம், பதினோராம் சுலோகம் பேசுகிறது. தர்ப்பை, தோல், துணி மூன்றும் அதில் வருகின்றன. ஆனால் சக்தி இறங்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடம் சுத்தமாக இருக்க வேண்டும், இருக்கை ஆடாமல் உறுதியாக இருக்க வேண்டும், ரொம்ப உயரமோ ரொம்பத் தாழ்வோ கூடாது என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. மார்கழிக் குளிரில் கல்வராயன் மலைப் பக்கத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் துணியும் புல்லும் ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. குளிர், கடினம், ஈரம் ஆகிய மூன்றுக்காகத்தான் விரிப்பு. மான்தோல் தேடி யாரும் போக வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் வியாபாரம் குற்றம்.

இன்று நாம் யோகா மேட் என்று சொல்லும் ஒட்டுப்பாய்க்கு ஐம்பது, அறுபது வயதுதான் ஆகிறது. ஏஞ்சலா பார்மர் என்ற பிரிட்டிஷ் யோகா ஆசிரியைக்கு இளவயதில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையால் கை கால்களில் வியர்வை சுரப்பது நின்றுபோனது. காய்ந்த உள்ளங்கை தரையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. 1960களின் கடைசியில் ஜெர்மனியில் வகுப்பெடுத்தபோது, கம்பளம் நகராமல் இருக்க அதன் அடியில் விரிக்கும் நுரைத் தாளைக் கண்டு, அதை வெட்டி அதன்மேல் நின்றார். அதற்கு முன்னால் பெரும்பாலும் சமுக்காளமும் வெறுந்தரையும்தான்.

ஒட்டுப்பாய் பிறந்தது வழுக்கலைத் தடுக்கத்தான், எல்லாத் தேவைக்கும் அல்ல. அதனால்தான் ‘கோரைப்பாய் எல்லாவற்றையும்விட உயர்ந்தது’ என்பதையும், ‘கோரைப்பாய் யோகாவுக்கு ஆகாது’ என்பதையும் நான் ஏற்பதில்லை. பத்தமடையில் நெய்தாலும் முசிறிப் பக்கம் நெய்தாலும் கோரையின் மேல்தோல் வழவழப்பானது. டைல்ஸ் தரையில் அதை விரித்து, கையும் காலும் ஊன்றிச் செய்யும் அதோமுக சுவானாசனம் செய்தால் கை முன்னே போகும், கால் பின்னே போகும். நம் வீடுகளில் கோரையின் இடத்தைப் பிடித்துவிட்ட பிளாஸ்டிக் பாய் இன்னும் மோசம். ஆனால் மூச்சுப் பயிற்சிக்கும் சவாசனத்துக்கும் கத்திரி வெயில் காலத்தில் கோரைக்கு ஈடு கிடையாது. முதுகில் வியர்வை தேங்காது. காற்று உள்ளே போய் வரும். பவானி சமுக்காளம் போன்ற பருத்தி விரிப்புக்கு வேறு குணம். காய்ந்திருக்கும்போது கை வழுக்கும். வியர்வை பட்டு நனைந்தால் பிடித்துக்கொள்ளும். கை வியர்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

எங்கள் வகுப்பு மழை நாட்களில் டைல்ஸ் போட்ட கூடத்துக்குப் போகும், மற்ற நாட்களில் மொட்டை மாடி. ஒரே பாய் மாடியில் ஒட்டும், கூடத்தில் நழுவும். இன்னொரு பாய் நேர்மாறு. எந்தப் பாய் வாங்கலாம் என்று இப்போது யார் கேட்டாலும், பாயைப் பற்றிப் பேசும் முன் எந்தத் தரையில் விரிப்பீர்கள், உள்ளங்கை வியர்க்குமா என்று கேட்டுவிடுகிறேன்.

‘இயற்கைப் பொருள் என்றால் ஒன்றும் செய்யாது’ என்பதில் எச்சரிக்கை வேண்டும். மரத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பர் பாயின் பிடிமானம் அருமையானது. ஆனால் ரப்பர்பால் ஒவ்வாதவர்கள் உண்டு. பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர், ரப்பர் கையுறை போட்டால் அரிக்கிறவர் அதைத் தொடவே கூடாது. நம் ஊர் வெயிலும் அதற்கு ஆகாது. மாடியில் காயப்போட்டால் சில மாதங்களில் வெடித்து உதிரும். கோரையையும் பருத்தியையும் வெயிலில் போடுங்கள், ரப்பரையும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாயையும் துடைத்து நிழலில் போடுங்கள். சணல் பாய் என்று விற்பதில் பலவற்றை ஓரத்தில் பிரித்துப் பார்த்தால் சணல் இழைகளுக்கு இடையே பிளாஸ்டிக் நுரைதான் இருக்கும். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சடித்து வரும், டிபிஇ என்ற செயற்கை நுரைப் பாயும் பெட்ரோலியத்தில் பிறந்ததே. எடை குறைவு, வாடை குறைவு. மண்ணில் போட்டால் மக்காது.

பிவிசி பாயில் விஷம் இருக்கிறது என்ற பயம் முழுப் பொய் அல்ல. அதை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டு வகை ரசாயனங்களில் நான்கை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் அன்றாடப் பொருட்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்காக, புதுப் பாய் வாடை அடித்தாலே விஷம் என்று அர்த்தமில்லை. வாடையே இல்லாத பாய் நல்லது என்றும் அர்த்தமில்லை. மூக்கை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. தாலேட்டு இல்லை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஓரிரு நாள் காற்றோட்டமான நிழலில் விரித்து வையுங்கள்.

பிவிசியின் பெரிய ஆபத்து அதைத் தூக்கி எறியும் நாளில்தான். ஏரிக்கரைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் அமிலப் புகையும் டையாக்சினும் வரும். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

என்னுடைய பழைய பிவிசி பாய் நடுவில் தேய்ந்து, கை வைக்கும் இரண்டு இடத்திலும் குழி விழுந்துவிட்டது. அதை மூன்றாக வெட்டி, கூடத்து டைல்ஸ் மேல் போட்டு, அதன்மேல் சமுக்காளத்தை விரித்திருக்கிறேன். சமுக்காளம் இப்போது நகர்வதில்லை. அந்த அக்கா நிற்பது அதன்மேல்தான். அவருடைய மெத்தைப் பாயைக் கடைசிப் பத்து நிமிடம், சவாசனத்துக்கு மட்டும் விரிக்கிறார்.